கிளிமீனுக்கு என்ன கலர்?

தாம்பரத்தில் கடை போட்டுக்கொண்டு கடலுக்கு அடியில் இருக்கிற மீனைக் காட்டிப் பிழைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு செல்போன் ரிப்பேர் கடைக்கு மேல் மாடியில் எங்கள் டைவிங் ஸ்கூல் இருக்கிறது. எங்களுக்கும் கடலுக்கும் நடுவே மேடவாக்கமும் சோழிங்கநல்லூரும் அவற்றின் அத்தனை சிக்னல்களும் கிடக்கின்றன. ஆனாலும் ஆட்கள் வருகிறார்கள். நீச்சல்குளத்தில் நாலு நாள் பாடம். பிறகு காலையில் வேன் ஏற்றி ஈ.சி.ஆர். பக்கம் கொண்டுபோய், படகில் உட்கார வைத்து, பாறை இருக்கிற இடத்தில் தண்ணீருக்குள் இறக்கி, "அதோ மீன்" என்று கை காட்ட வேண்டும். அந்தக் கை என்னுடையது. பெயர் குமரேசன், எல்லாரும் மாஸ்டர் என்பார்கள்.

வாடிக்கையாளர் என்ன கேட்டாலும் முகத்தில் சிரிப்பை ஒட்டிக்கொண்டு பதில் சொல்கிற வேலையில் நீங்களும் இருந்தால், என் பாடு உங்களுக்குப் புரியும். துணிக்கடையோ, ஹோட்டலோ, பாஸ்போர்ட் ஆபீஸோ, நாமெல்லாம் ஒரே கட்சி. ஆனால் உங்களுக்கு இல்லாத ஒரு வில்லங்கம் எனக்கு உண்டு. எனக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. கலர் கலராக மீன் காட்டுவது தொழில், கலர் தெரியாது. இது என் மனைவி சுமதிக்குத் தெரியும். முதலாளி உஷா மேடத்துக்குத் தெரியாது. தெரிந்தால் வேலை போய்விடும் என்று ஏழு வருஷமாக மறைத்துக்கொண்டு இருந்தேன். ஏனென்றால் இதே கண்ணால் ஏற்கெனவே ஒரு வேலை போயிருக்கிறது.

வடை

எங்கள் அப்பா தாம்பரம் ஷெட்டில் மின்சார ரயில் பழுது பார்த்தவர். நான் ரயில் ஓட்டப் போகிறேன் என்பது வீட்டில் முடிவான விஷயம். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். எழுத்துப் பரீட்சை பாஸ். உடம்புப் பரிசோதனைக்குப் போனால், டாக்டர் ஒரு புத்தகத்தைத் திறந்து நீட்டினார். பக்கம் முழுக்க வட்டமாகப் புள்ளிகள். என்ன தெரியுது என்று கேட்டார். எனக்கு முன்னால் நின்றவன் பட்டென்று ஏதோ சொல்லிவிட்டுப் போய்விட்டான். நான் உற்று உற்றுப் பார்த்தேன். காலையில் சாப்பிடாமல் வேறு போயிருந்தேன். பருப்பு வடையை மேலே இருந்து பார்த்தால் எப்படியோ அப்படி இருந்தது. வடை என்றேன்.

கேலி பண்ணுகிறேன் என்று நினைத்து முறைத்தார். அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அதுவும் வடைதான், கொஞ்சம் கருகினது. நாலைந்து பக்கம் திருப்பியதும் அவர் முகம் மாறிவிட்டது. எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. சிக்னலில் மேல் விளக்கு எரிந்தால் நிற்கணும், கீழ் விளக்கு எரிந்தால் போகணும் என்றுதான் அதுவரை எனக்குத் தெரியும். எல்லாருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. டாக்டர் நல்ல மனுஷர், புத்தகத்தை மெதுவாக மூடினார். "தம்பி, இதுல வடை இல்ல, எழுபத்தி நாலு இருக்கு. நீ வேற வேலை பாரு."

சுமதி எழுதின சீட்டு

வேறு வேலை பார்த்தேன். நீச்சல் நன்றாக வரும் என்பதால் உஷா மேடம் நடத்தின நீச்சல்குளத்தில் காவலுக்குச் சேர்ந்தேன். மேடம் டைவிங் ஆரம்பித்தபோது என்னையும் படிக்க வைத்து மாஸ்டர் ஆக்கினார். முதல் தடவை பாறைக்குப் பக்கத்தில் இறங்கியபோது, மஞ்சளும் கறுப்புமாகப் பட்டாம்பூச்சி மீன் கூட்டம் ஒன்று என் மூக்கைத் தாண்டிப் போனது. மஞ்சளும் நீலமும் எனக்கு நன்றாகவே தெரியும். தண்ணீருக்குள் அழ முடியாது என்பார்கள், முடியும், கண்ணாடிக்குள் கொஞ்சம் பனி கட்டும், அவ்வளவுதான். இந்த வேலையை விடவே கூடாது என்று அன்றைக்கு முடிவு பண்ணினேன்.

கடையில் ஒரு மீன் அட்டை தொங்கும். அதை ஃபோட்டோ எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய், சுமதியை ஒவ்வொரு மீனுக்கும் பக்கத்தில் கலர் எழுதச் சொன்னேன். சிங்கமீன், செங்கல் சிவப்பில் வெள்ளை வரி. கிளிமீன் ஆண், கிளிப்பச்சை, வாயோரம் ரோஸ். கிளிமீன் பெண், செங்கல் பழுப்பு. இந்தக் கிளிமீன்தான் என் கழுத்துக்குக் கத்தி. மற்ற மீன்களை உருவம், நடை வைத்துக் கண்டுபிடித்துவிடுவேன். கிளிமீனில் ஆணும் பெண்ணும் ஒரே அச்சு, கலர்தான் வித்தியாசம். தினமும் காலையில் அவள் தோசை வார்க்கும்போது நான் பக்கத்தில் நின்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பேன். தப்பாகச் சொன்னால் தோசை தள்ளிப் போகும். ஒருநாள் அவளுக்கு எரிச்சல் வந்துவிட்டது. "என் புடவையைக்கூட நீங்க இவ்ளோ அக்கறையா பாத்தது இல்ல. பாத்தாலும் ஒண்ணும் ஆகப்போறது இல்லன்னு வெச்சுக்கோங்க."

கேரண்டி

எங்கள் பாடமெல்லாம் ஊரப்பாக்கத்தில் ஒரு அபார்ட்மென்ட் குளத்தில் நடக்கும். அங்கே ஒரு வங்கி அதிகாரி வந்து சேர்ந்தார். கடன் கேட்டு வந்தவனைப் பார்ப்பது போலவே மீன் படத்தையும் பார்ப்பார். முதல் நாளே நோட்டும் பேனாவும் கொண்டுவந்து, நீச்சல் உடையில் ஈரத்தோடு உட்கார்ந்து குறிப்பு எடுத்தார். கிளிமீன் எத்தனை மணிக்கு வரும்? எந்தப் பாறை? வரவில்லை என்றால் இன்னொரு தடவை கூட்டிப் போவீர்களா? எழுத்தில் தருவீர்களா?

பொறுமையாகச் சொன்னேன். இது கண்ணாடித் தொட்டி இல்லை சார். தை பிறந்த பிறகுதான் இங்கே தண்ணீர் தெளியும். அப்பவும் சில நாள் நம்ம கையே நமக்குத் தெரியாது. அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, அடிக்கோடும் போட்டார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மாஸ்டர், நீங்க முன்னாடியே போயி ஒண்ணைப் புடிச்சு, ஒரு நூல்ல கட்டி விட்டுருங்களேன்."

சாம்பல் கலர் கல்யாணம்

இப்போது கல்யாணத்துக்கு முன்னால் ஃபோட்டோ எடுப்பது ஒரு வியாதி. பூங்காவில் எடுத்தார்கள், ரயில் தண்டவாளத்தில் எடுத்தார்கள், கடைசியில் எங்கள் தலையில் வந்து விடிந்தது. குரோம்பேட்டை ஜோடி ஒன்று. பெண்ணுக்குப் பளீரென்ற சிவப்பில் நீள கவுன். கீழே பாறை, பின்னால் மீன், நடுவே இவர்கள் இரண்டு பேரும் கை கோத்து நிற்க வேண்டுமாம். அந்த கவுனை வாலில் இருந்து பிடித்துக்கொண்டு போகவே எனக்கு ஒரு சிலிண்டர் காற்று தீர்ந்தது.

தண்ணீருக்குள் ஆழம் போகப் போக முதலில் காணாமல் போவது சிவப்புதான். சூரிய வெளிச்சத்தில் இருக்கிற சிவப்பைத் தண்ணீர் விழுங்கிவிடும். டார்ச் அடித்தால்தான் திரும்ப வரும். இது பாடத்தில் இருக்கிறது, நானே வருஷம் முழுக்கச் சொல்லிக் கொடுக்கிறேன். ஆனால் ஃபோட்டோவைக் கடையில் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினபோது எனக்கு உறைக்கவே இல்லை. எனக்கு மேலேயும் அதே கவுன், கீழேயும் அதே கவுன். "சூப்பரா வந்திருக்கு, பிரேம் போடலாம்" என்று சொல்லிவிட்டேன். பெண்ணின் அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். "சம்பந்தி வீட்ல கேட்டா, பொண்ணுக்கு சாம்பல் கலர்ல எடுத்துக் கொடுத்தோம்னா சொல்றது?"

டார்ச் கொண்டுபோக மறந்தது என் தப்பு என்று மேடத்திடம் சொல்லித் தப்பித்தேன். அன்றைக்கு மாட்டியிருக்க வேண்டியவன். மேடம் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு ஒரு மாதிரி என்னைப் பார்த்தார், பிறகு சொன்னார். "உன் வாய்க்கு ஒரு பூட்டு போடணும் குமரேசா, எதைப் பாத்தாலும் சூப்பர்ங்கற."

பாதி வழி

கிளிமீனைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அதில் நிறைய பெண்ணாகப் பிறக்கும், வளர்ந்த பிறகு சிலது ஆணாக மாறும். மாறும்போது கலரும் மாறும், செங்கல் பழுப்பு போய்ப் பச்சை வரும். கதை இல்லை, நிஜம். இந்த நிஜம்தான் ஏழு வருஷம் எனக்குச் சோறு போட்டது.

சேலையூரிலிருந்து ஒரு கல்லூரிப் பேராசிரியை வந்திருந்தார். தண்ணீருக்குள் டார்ச் அடித்துப் பெரிய கிளிமீன் ஒன்றைக் காட்டி, ஆண் என்று சிலேட்டில் எழுதினேன். தண்ணீருக்குள் எழுத ஒரு பிளாஸ்டிக் சிலேட்டு வைத்திருப்போம். மேலே வந்ததும் அவர் கேட்டார், மாஸ்டர், ஆண் பச்சைன்னு சொன்னீங்க, அது செங்கல் கலர்ல இருந்துச்சே. அடுத்த நொடி வாய் தானாகப் பேசியது. அது மாறிக்கிட்டு இருக்கு மேடம், இப்போ பாதி வழியில நிக்குது. அந்த அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இப்படி ஒரு காட்சி எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்று தன் டைவிங் குறிப்பேட்டில் எழுதி, என்னிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

பாவம் என்று எனக்கும் தோன்றியது. ஆனால் பழகிப் போனது. எப்போதெல்லாம் மாட்டினேனோ அப்போதெல்லாம் மீன் பாதி வழியில் நின்றது. எங்கள் வேன் டிரைவர் மூர்த்தி முன் சீட்டில் இருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டே வண்டி ஓட்டுவான். ஒருநாள் மேடவாக்கம் சிக்னலில் வண்டி நின்றபோது திரும்பிப் பார்த்தான். "ரேசன் கார்டுல குடும்பத் தலைவின்னு போட்டுகீறதை மாத்தணுமே மாஸ்டரு, அது எம்மாம் பேஜாரு தெர்யுமா?"

வெள்ளை மணல்

கிளிமீனுக்கு வாயில் கிளி மூக்கு மாதிரி ஒட்டுப்பல். பவழப்பாறையைக் கரக்கரக்கென்று கடித்துத் தின்னும். பாசி வயிற்றில் தங்கும், கல் மாவாகிப் பின்னால் வந்துவிடும். மாலத்தீவு மாதிரி இடங்களில் கரையில் கிடக்கிற வெள்ளை மணலில் நிறைய இந்த மீன் போட்டதுதான். இதை ஒரு இளம் தம்பதியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். கணவன் விழுந்து விழுந்து சிரித்தான். மனைவி சிரிக்கவில்லை, அவனைத் திரும்பிப் பார்த்தாள். "ஹனிமூன் போனப்போ பாட்டில்ல அள்ளிட்டு வந்து ஷோகேஸ்ல கல்யாண ஃபோட்டோ பக்கத்துல வெச்சியே, அதை இன்னிக்கே நீதான் எடுக்கற."

காதர் பாய்

போன மாசியில் காதர் பாய் வந்தார். பம்மல்காரர், அறுபது தாண்டினவர். தோல் பதனிடுகிற தொழிற்சாலையில் சாயம் சேர்க்கிற இடத்தில் வாழ்நாள் முழுக்க வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெளிநாட்டுக் கம்பெனி கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு தோல் துண்டு அனுப்பும். அதே கலரில் ஆயிரம் தோல் வேண்டும் என்பான். பாய் அந்தத் துண்டை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, எந்தச் சாயம் எவ்வளவு என்று சொல்வார். மிஷின் வந்த பிறகும் கடைசியில் பாயைத்தான் கூப்பிடுவார்களாம். எதுக்கு பாய் இந்த வயசில் டைவிங் என்று கேட்டேன். காலமெல்லாம் அடுத்தவன் கேட்ட கலரையே கலந்துட்டேன், எவனும் கேட்காத கலரை ஒரு தடவை பாக்கணும் என்றார். அதைக் கேட்டதும் எனக்கு அவரைப் பிடித்துப் போனது. கூடவே பயமும் வந்தது.

பயந்ததில் தப்பே இல்லை. கடைக்குள் வந்ததும் மீன் அட்டையைப் பார்த்தார், அச்சில் நீலம் ஜாஸ்தி ஓடிவிட்டது என்றார். அவர் காலுக்கு அளவாக நீந்துகிற துடுப்பு ஒரு ஜோடி எடுத்துக் கொடுத்தேன். ஒன்றைத் திருப்பிக் கொடுத்து, இது பாசிப்பச்சை, அது செங்கல் கலர், ஜோடி மாறிடுச்சு என்றார். அவசரத்தில் எடுத்துட்டேன் பாய் என்றேன். பாய் மேஜைமேல் மாதிரிக்காக வைத்திருந்த பழைய வாடிக்கையாளர் குறிப்பேடுகளை எடுத்து, ஒவ்வொன்றாகப் படித்தார். ரொம்ப நேரம் படித்தார். நான் துடைத்த கண்ணாடியையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தேன். "ஏன் மாஸ்டர், இந்தக் கடல்ல எல்லா மீனும் பாதி வழியிலயே நிக்குதே, ஒண்ணுகூடவா போய்ச் சேரல?"

மேடத்தின் யோசனை

உஷா மேடத்துக்கு மனிதர்களைப் பார்த்தால் உடனே ஒரு திட்டம் தோன்றும். மீன் பார்ப்பதற்கென்றே தனி வகுப்பு ஒன்று ஆரம்பிக்கப் போவதாகவும், அதை முழுக்க நானே நடத்த வேண்டும் என்றும் சொல்லிக்கொண்டிருந்தவர், பாயைப் பார்த்ததும் துள்ளிக் குதித்தார். ஒரு தாள் தயார் பண்ணினார். மீன் பெயர், மாஸ்டர் சொன்ன கலர், பாய் போடுகிற மார்க், கீழே கையெழுத்து. அதைச் சட்டம் போட்டு மாட்டப் போகிறாராம். முகத்தில் பெருமை வழிந்தது. அந்தப் பெருமையைப் பார்க்கத்தான் எனக்குச் சங்கடமாக இருந்தது. திட்டினால்கூடத் தாங்கிக்கொள்வேன்.

சுமதி ஒரே வார்த்தையில், சொல்லிடுங்க என்றாள். மாட்டேன் என்றேன். ரயில் போனபோது எனக்கு இருபத்து மூணு வயது, வேறு வேலை பார்க்க முடிந்தது. இப்போது இந்த வேலையும் போனால் எனக்கு வேறு எதுவும் தெரியாது, வேறு எதுவும் வேண்டவும் வேண்டாம். அடுத்த நாலு நாள் தோசைக்கல் முன்னால் நின்று அட்டையில் இருக்கிற அறுபது மீனையும் தலைகீழாக ஒப்பித்தேன். கிளம்புகிற அன்று மேடம் என் தோளைத் தட்டினார். "பாய் மட்டும் கையெழுத்து போட்டுட்டாருன்னா, அப்புறம் உன்னை இந்த ஊர்ல எவனும் கேள்வி கேக்க முடியாது குமரேசா."

பச்சை

மேடம் படகில் இருந்தார், நானும் பாயும் இறங்கினோம். பதினாறு மீட்டர், ஐந்து மாடி உயரம் இருக்கும். தண்ணீர் நன்றாகத் தெளிந்திருந்தது. பாய் குளத்தில் கற்றுக்கொண்டதை ஒழுங்காகச் செய்தார். ஆனால் கீழே போனதும் தன் நீச்சல் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். கருஞ்சிவப்புச் சட்டை என்று மேலே பெருமையாகக் காட்டியிருந்தார். அதைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். கலர் போய்விடும் என்று வகுப்பில் சொல்லியிருந்தேன். காதால் கேட்பது வேறு, வாழ்நாள் முழுக்கக் கண்ணை நம்பிப் பிழைத்தவர் கண் எதிரே கலர் போவது வேறு. அவர் சட்டையைப் பார்த்த குழப்பத்தில் பாறையில் கையை ஊன்றினார். பாறையில் ஒட்டியிருந்த சிப்பி விரலைக் கிழித்துவிட்டது.

ரத்தம் புகை மாதிரி வந்தது. அவ்வளவு ஆழத்தில் ரத்தம் சிவப்பாகத் தெரியாது, பச்சையாகத் தெரியும். புத்தகத்தில் ஒரு வரி அது. பாய் கண் கண்ணாடிக்குள் பிதுங்கியது. தன் உடம்பிலிருந்து பச்சையாக என்னவோ வருகிறது, தனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, காலை உதறி, நேராக மேலே கிளம்பினார். அந்த ஆழத்தில் மூச்சைப் பிடித்தபடி மேலே பாய்ந்தால் நுரையீரல் கிழிந்து ஆள் போய்விடலாம். நான் அவர் டைவிங் ஜாக்கெட்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். முகத்துக்கு நேராக முகம் வைத்தேன். நான் மூச்சு விடுவதைப் பார்த்து அவரும் விட வேண்டும், அதுதான் முறை. மெதுவாக விட்டேன். அவர் என் கண்ணையே பார்த்தார். எனக்குப் பயமே வரவில்லை. ரத்தம் எனக்கு என்றைக்கும் இருக்கிற மாதிரிதான் இருந்தது. ஒரு நிமிஷம் கழித்து அவர் வாயிலிருந்து குமிழி வந்தது. அப்புறம்தான் டார்ச்சை எடுத்து விரல்மேல் அடித்தேன். அவர் விரலைப் பார்த்தார், தலையை ஆட்டினார், என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மேலே போகலாமா என்று சைகை காட்டினேன். வேண்டாம் என்றார். காரணம் இருந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு கிளிமீன், நாங்கள் அங்கே இருப்பதையே மதிக்காமல், பாறையைக் கரக்கரக்கென்று கடித்துக்கொண்டிருந்தது. அவ்வளவு பக்கத்தில் நானே பார்த்தது குறைவு. பாய் என் கையிலிருந்து டார்ச்சை வாங்கி அதன்மேல் அடித்தார், அசையாமல் பார்த்தார். அறுபது வயது மனுஷன் முகம் பிள்ளை முகமாக இருந்தது. பிறகு சிலேட்டை என்னிடம் நீட்டினார். ஆள் பெரிசாக இருந்தது, ஆணாகத்தான் இருக்கும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டு, பச்சை என்று எழுதினேன். அவர் அதைப் படித்தார், மீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் எழுத்துக்குக் கீழே நிதானமாக எழுதினார். "தம்பி, இது செங்கல்."

மார்க்

படகில் ஏறியதும் மேடம் முதலில் விரலுக்குத் துணி சுற்றிவிட்டார், அடுத்து தாளை நீட்டினார். பாய் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். கீழே என் கையில ரத்தம் வந்துச்சே தம்பி, உன் கண்ணுக்கு அது என்ன கலரா இருந்துச்சு?

பச்சை என்று சொல்லியிருக்கலாம். புத்தகப்படி அதுதான் சரியான பதில், யாரும் மறுத்திருக்க முடியாது. என் கையைப் பிடித்துக்கொண்டு மேலே வந்த மனுஷரிடம் பொய் சொல்ல மனசு ஒப்பவில்லை. எப்பவும் போலத்தான் பாய், சேறு மாதிரி, எனக்கு மேலேயும் அப்படித்தான் என்றேன். அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை. புள்ளிப் புத்தகம், சுமதி எழுதின சீட்டு, பாதி வழியில் நின்ற மீன்கள், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மேடம் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. வேலை போய்விட்டது என்று நினைத்தபோது துக்கமாக இருந்தது. அதைவிட வெட்கம்தான் பிடுங்கித் தின்றது. ஏழு வருஷம் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு உனக்குத் தோணலியா என்று மட்டும் கேட்டார் மேடம். தோணுச்சு மேடம், தினமும் தோணுச்சு என்றேன்.

மேடம் கடல் பக்கம் திரும்பிக்கொண்டு, அந்தத் தாளைக் கிழிச்சிப் போட்டுருங்க பாய் என்றார். பாய் கிழிக்கவில்லை. பேனாவை எடுத்து, மார்க் கட்டத்தில் பெரிதாக ஒரு சைபர் போட்டார். அதற்குக் கீழே நிறுத்தி நிதானமாகக் கையெழுத்தும் போட்டு, தாளை மேடத்தின் கையில் கொடுத்தார். "கலருக்கு சைபர்தாம்மா, அதுல நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா என் ரத்தம் பச்சையா வந்தப்ப பக்கத்துல கண்ணு நல்லாருக்கற ஆளு யாராச்சும் இருந்திருந்தா, அவரும் என்கூட சேர்ந்து பயந்திருப்பாரு, நான் வூடு போய்ச் சேர்ந்திருக்க மாட்டேன்."

மீன் பார்க்கிற வகுப்பை மேடம் என்னிடமே விட்டுவிட்டார். இப்போதெல்லாம் மேலே வந்ததும் மீன் என்ன கலர் என்று நான்தான் வாடிக்கையாளரைக் கேட்கிறேன், அவர்களும் ஏதோ பரீட்சை என்று நினைத்துக்கொண்டு பயபக்தியோடு பதில் சொல்கிறார்கள்.